பெண் மூலமும் ஒரு கருந்துளையும்

செயலாளர் சுந்தரேசன் பொய் சொன்னார்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று என் சிநேகிதி கோமதியிடம் சொன்னார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு யாரும் காட்டவும் இல்லை. அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நானே பார்த்தேன்.

போன வாரம் இந்தப் பக்கத்தில், கோளரங்கத்தில் என் முதல் ஹிந்திக் காட்சியைப் பற்றிப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அது அங்கேயே நிற்கட்டும். எனக்கு நயமாக எழுத வராது என்பது இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் முயற்சிகூடச் செய்யப் போவதில்லை.

ஜாதகத்தோடு வந்த கூட்டம்

டெல்லி லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தமிழ் மன்றம் உண்டு. ஒரு பேஸ்மென்ட் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு திருவள்ளுவர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் சுந்தரேசன் என்னைத் தேடி வந்தார். மன்றத்தின் செயலாளர் அவர்தான். ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மேடம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம ஜனங்களுக்கு விண்வெளி பத்தி ஏதாவது சொல்லுங்களேன். பெரிசா ஒண்ணும் வேண்டாம். அவங்க அடிப்படையா கேப்பாங்க, நீங்க அடிப்படையா சொல்லுங்க. பஸ், அவ்வளவுதான்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். காரணம் சொல்கிறேன். கோளரங்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் இருட்டில் நின்று பேசியவள் நான். ஹிந்தியில் ஒரு காட்சி, ஆங்கிலத்தில் ஒரு காட்சி. "பச்சோ, ஊபர் தேக்கோ" என்பேன். எல்லாரும் மேலே பார்ப்பார்கள். காட்சி முடிந்து விளக்கு வந்ததும் வாசலைப் பார்ப்பார்கள். என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை. "மேலே பாருங்கள்" என்று தமிழில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்வெட்டர்களின் அந்துருண்டை வாசனை. மூலையில் ஒரு ஹீட்டர். யாரோ வேர்க்கடலைத் தோலை நாற்காலிக்குக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தமிழர்கள் விண்வெளி பற்றிக் கேட்கவா வந்திருக்கிறார்கள் என்று வரிசைகளை எண்ணினேன்.

பிறகுதான் அவர்கள் மடியைப் பார்த்தேன். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஜாதகம்.

சுந்தரேசன் அறிவிப்பில் "நட்சத்திரங்கள் குறித்த உங்கள் சந்தேகங்களுக்கு நிபுணர் விளக்கம்" என்று போட்டிருந்தார்.

குரங்குக் குல்லா போட்ட ஒருவர் முதலில் எழுந்தார். "எம் பையனுக்கு விசாகம். பிரமோஷன் எப்ப மேடம்?"

"எனக்குத் தெரியாது. விசாகம் எங்க இருக்குன்னு வேணா காட்டறேன்."

"எங்க இருக்குன்னா?"

"வானத்துல."

"வானத்துலயா?"

அந்த மனிதர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே அது புதிய செய்தி. விசாகம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது, அர்ச்சனைத் தட்டில் இருக்கிறது, கல்யாணப் பேச்சில் இருக்கிறது. அது வானத்திலும் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டெல்லிப் புகையில் அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

நான் என் லேப்டாப்பில் இருந்த வானத்தைத் திரையில் போட்டேன். ஆறு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அது கார்த்திகை. சிவப்பாக மின்னுவது திருவாதிரை, அது ஒரு கிழட்டு நட்சத்திரம். ஆரஞ்சு நிறத்தில் இருப்பது சுவாதி. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர முப்பத்தேழு வருடம் போல ஆகும். அதாவது இப்போது வருவது அப்போது கிளம்பியது.

"அப்ப நாம பாக்கறது பழைய சுவாதியா?" என்று ஒரு குரல்.

"ஆமா."

"பழைய சுவாதிக்கா நான் அர்ச்சனை பண்ணிண்டிருக்கேன்?"

கூடம் சிரித்தது. ஜாதக உறைகள் மெதுவாக நாற்காலிக்கு அடியில் போயின. ஒவ்வொருவராகத் தன் நட்சத்திரத்தைக் கேட்டார்கள். அரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கேட்ட அதே கேள்விகள்தான் பிறகு வந்தன. சூரியனும் நட்சத்திரமா? பகலில் மற்றதெல்லாம் எங்கே போகிறது? விண்வெளியில் கத்தினால் கேட்குமா? என் நட்சத்திரம் என்றால் அது என்னோடு பிறந்ததா?

கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது. நீங்கள் பிறந்த அன்று நிலா எந்த நட்சத்திரத்துப் பக்கமாக நின்றதோ, அதன் பெயரை உங்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்கு உங்களைத் தெரியாது.

குதுப் மினாருக்குள் திருநெல்வேலி

கோமதி மூன்றாவது வரிசையில் இருந்தார். என் வயதுதான். திருநெல்வேலிக்காரர். கணவர் இல்லை. மகள் நித்யா மத்திய அரசு வேலையில் இருப்பதால் இருவரும் மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அன்று நித்யாவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், எம் பிள்ளைக்கு மூலம். அது எங்கன இருக்கு?"

நான் டீச்சர் இல்லை என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசிவரை டீச்சர்தான்.

அவர் மூலம் என்று சொன்னதும் பின்வரிசையில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். பெண் மூலம் நிர்மூலம் என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் எத்தனை பெண்களை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மாமனாருக்கு ஆகாதாம். நித்யா தலையைக் குனியவில்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரையில் தேளைக் காட்டினேன். தேளின் கொடுக்கு இருக்கும் இடம்தான் மூலம். கொடுக்குக்குப் பக்கத்தில் பால்வெளி அகலமாக, கொழகொழவென்று பரவிக் கிடந்தது.

"இந்தப் பக்கம்தான் நம்ம காலக்ஸியோட நடு இருக்கு," என்றேன். "சூரியன், நாம, இங்க காட்டின எல்லா நட்சத்திரமும் அதைச் சுத்தி வந்துட்டு இருக்கோம்."

நித்யா ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஸச்சி? நெஜமாவா? என் ஸ்டார் சென்டர்ல இருக்கா ஆண்ட்டி?"

"சென்டர்ல இல்ல. சென்டர் இருக்கற திசையில. மூலம் கிட்டக்க, சில நூறு ஒளியாண்டுல. நடு ரொம்ப ரொம்ப தூரம். இருபத்தாறாயிரம்."

"நடுவுல என்ன இருக்கு?" என்று சுந்தரேசன் கேட்டார். கவனியுங்கள், கேட்டவர் அவர்.

"ஒரு கருந்துளை."

"எல்லாத்தையும் முழுங்கிடுமே!" என்று ஒரு குரல். அதனால் உடனே விளக்கினேன். கருந்துளை வாக்வம் கிளீனர் இல்லை. ரொம்பப் பக்கத்தில் போனால்தான் ஆபத்து. சூரியனை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஒரு கருந்துளையை வைத்தால்கூட பூமி குளிரில் விறைத்துப் போகுமே தவிர உள்ளே விழாது, சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம், கருந்துளை மூலத்தில் இல்லை. மூலத்துக்கு எங்கேயோ பின்னால்.

கோமதி முகத்தில் தெளிவு வரவில்லை. அதனால் அவருக்கென்றே சொன்னேன்.

"இங்கேர்ந்து தெற்கே பாத்தா குதுப் மினார். அதே திசையில போயிட்டே இருந்தா உங்க திருநெல்வேலி. அதுக்காகக் குதுப் மினாருக்குள்ள நெல்லையப்பர் கோயில் இருக்கா?"

கோமதி வாய்விட்டுச் சிரித்தார். "ஏ யம்மா! இருந்தா எம்புட்டு நல்லாருக்கும் டீச்சர். ஆட்டோலயே போயிட்டு வந்துரலாம்லா?"

சுந்தரேசனும் சிரித்தார். அவர் அங்கே இருந்தார். கேட்டார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆயில்யம்

மூலத்தைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்கலாம். எனக்கு ஆயில்யம். மாமியாருக்கு ஆகாது.

என் அப்பா சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு கிளார்க். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு நட்சத்திரத்தைக் கேட்பார்கள். சொன்னதும் பையனின் அம்மா டம்ளரைக் கீழே வைப்பாள். கடைசியில் தாயில்லாப் பையனாகத் தேடினார்கள். ஒருவன் கிடைத்தான். பேச்சு முடிவதற்குள் அவன் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். மறுபடி ஒரு மாமியார் முளைத்துவிட்டாள். அதோடு அதுவும் போயிற்று.

ஆயில்யம் என்பது வானத்தில் மங்கலான ஐந்தாறு புள்ளிகள். இன்றைக்கு டெல்லியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்னைத் தனியாக உட்கார வைத்தது என்று கோளரங்கத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் அழவில்லை. கேன்டீனுக்குப் போய் இரண்டு சமோசா தின்றேன்.

அந்தக் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது உயரமான கட்டடங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் நொய்டாவுக்கும் துவாரகாவுக்கும் போய்விட்டார்கள். நான் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு பஞ்சாபி வீட்டு மாடியறையில் இருக்கிறேன். வீட்டுக்காரம்மாள் நல்லவள். "தீதி, டீக் ஹோ?" என்று சௌக்கியம் விசாரிப்பாள். நான் "டீக்" என்பேன். பல நாட்களில் அன்றைக்கு நான் பேசியது அந்த ஒரு சொல் மட்டும்தான்.

ஒரு மிளகு இங்கே, ஒரு மிளகு மதுராவில்

இரண்டாவது ஞாயிறு கூட்டம் பாதியானது. பலன் சொல்லமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அடுத்தடுத்து இன்னும் குறைந்தது. வசந்தம் வருவதற்குள் ஐந்தாறு பேர்தான் மிச்சம். கோமதி ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

முடிந்ததும் இருவரும் பஸ் ஸ்டாப் வரை நடப்போம். அவர் பையில் ஒரு ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி இருக்கும். மூடியில் எனக்கு, கிண்ணத்தில் அவருக்கு. பஸ் வரும், போகும். நாங்கள் ஏறமாட்டோம்.

கூடத்தில் கேட்க வெட்கப்பட்ட கேள்விகளை அங்கேதான் கேட்பார். வானத்துக்கு ஓரம் உண்டா? விண்வெளி விரியுது விரியுதுங்கிய, எதுக்குள்ள விரியுது? எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். அது அவருக்குப் பிடிக்கும். "இவ்வளவு படிச்சிட்டுத் தெரியலைங்கிய பாருங்க, அதான் டீச்சர் ஒங்கள நம்புதேன்" என்பார்.

ஒருநாள் செய்தியில் ஏதோ பார்த்துவிட்டு வந்தார்.

"அந்த ஆந்திரா காலக்ஸி நம்ம மேல மோதப் போவுதாமே?"

"ஆந்திரா இல்ல, ஆண்ட்ரோமெடா."

"ஏதோ ஒண்ணு. மோதினா எல்லாம் நொறுங்கிராது?"

மோதலாம், மோதாமலும் போகலாம், எப்படியும் கோடிக்கணக்கான வருடம் இருக்கிறது என்றேன். மோதினாலும் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வது அநேகமாக நடக்காது. அவ்வளவு இடைவெளி. "சூரியனை ஒரு மிளகுன்னு வெச்சு மோதி பாக்ல போடுங்க. அடுத்த மிளகு மதுரால கிடக்கும்."

கோமதி அண்ணாந்து மேலே பார்த்தார். ஒரு ஆட்டோக்காரன் "ஜானா ஹை, மாதாஜி?" என்று சவாரி கேட்டுவிட்டுப் போனான்.

"தூரத்துல நின்னு பாத்தா பால் கொட்டின மாரி இருக்கு. உள்ள போயி பாத்தா ஒவ்வொண்ணும் தனியா கெடக்கா?"

"ஆமா."

"நம்மள மாரின்னு சொல்லுங்க."

மூடியை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.

அந்தச் செய்தி

ஆள் குறைந்ததால், அடுத்த குளிர்காலம் தொடங்கியதும் சுந்தரேசன் ஞாயிற்றுக்கிழமையை ஒரு ஜோசியருக்குக் கொடுத்தார். என்னிடம் சொல்லவில்லை. கூடத்துக்குப் போனபோது என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்காக நான் இதை எழுதவில்லை. மன்றம் அவர்களுடையது. யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கட்டும்.

அந்த ஜோசியருக்குக் கூட்டம் சேர்க்க ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டார்கள். அதில் என் பெயர், என் பதவி, கோளரங்கத்தில் வேலை செய்தவள் என்பது எல்லாம் இருந்தது. "மூல நட்சத்திரத்தில் அனைத்தையும் விழுங்கும் கருந்துளை இருப்பதை விண்வெளி நிபுணரே உறுதி செய்துள்ளார். பெண் மூலம் நிர்மூலம் என்று முன்னோர் சொன்னது அறிவியலே. பரிகாரம் அறிய வாரீர்."

அந்தச் சமயத்தில் நித்யாவுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். துவாரகாவில் ஒரு தமிழ்க் குடும்பம். மூலம் கீலம் பார்ப்பதில்லை என்று சொன்னவர்கள். செய்தி அவர்களிடமும் போனது. "நாங்க ஜாதகம் நம்பமாட்டோம், ஆனா சயின்ஸே சொல்றதே" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

சயின்ஸே சொல்கிறதாம். என் வாயை வைத்து.

கோமதியை நான் பார்த்தது சரோஜினி நகர் மார்க்கெட்டில். ரோட்டோரத்தில் மலையாகக் குவித்த ஸ்வெட்டர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை.

"எம் பிள்ளையக் குழின்னு சொல்லிட்டியளே டீச்சர்."

"நான் சொல்லல. நீங்களும்தானே அன்னைக்கு இருந்தீங்க? குதுப் மினார்னு சொன்னேனே."

"அன்னைக்குச் சொன்னது தெரியும். பெறவு எழுதிக் குடுத்தியளாமே. செயலாளரு எம் முகத்துக்கு நேர சொல்லுதாரு. டீச்சர் கைப்பட எழுதிக் குடுத்தாங்கன்னு. அவரு பொய்யா சொல்லுவாரு?"

"சொல்றாரு."

"பெரிய உத்தியோகத்துல இருந்தவரு."

கடைக்காரப் பையன் நடுவில் புகுந்து "ஆண்ட்டிஜி, தோ சௌ, லே லோ" என்று ஒரு இருநூறு ரூபாய் ஸ்வெட்டரை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினான். கோமதி அதை வாங்குவது போலக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் இருக்க அவருக்கு ஏதாவது வேண்டியிருந்தது. பிறகு கூட்டத்தில் போய்விட்டார்.

"இருக்கா இல்லையா?"

நான் நேராக மன்றத்துக்குப் போனேன். சுந்தரேசன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அரே மேடம், வாங்க வாங்க."

"நான் எப்ப எழுதிக் கொடுத்தேன்?"

அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். "மேடம், கருந்துளை இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"மூலத்துப் பக்கமா இல்லையா?"

"பக்கம்னா திசை. இடம் இல்ல."

"திசை, இடம்... அதெல்லாம் உங்க டெக்னிகல் விஷயம். இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எழுதிக் கொடுத்தேன்னு கோமதிகிட்ட ஏன் சொன்னீங்க?"

"அந்தம்மா வந்து சத்தம் போட்டாங்க. ஏதாவது சொல்லணும்ல? விடுங்க மேடம். ஆள் வரலைன்னா மன்றத்தையே மூடணும். இப்ப ஞாயித்துக்கிழமை கூடம் நிறையுது, வந்து பாருங்க."

"குரூப்ல மறுப்புப் போடுங்க."

"குரூப்ல சண்டை வேண்டாம். அச்சா நஹி லக்தா, நல்லா இருக்காது."

நானே போட்டேன். திசைக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாலு வரியில் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் என் செய்தியை எடுத்துவிட்டார்கள். அடுத்து என்னை எடுத்துவிட்டார்கள்.

நித்யா ஒருநாள் ஃபோன் செய்தாள். "ஆண்ட்டி, லீவ் இட். அந்த மாப்பிள்ளை லட்காவ எனக்குப் பிடிக்கவே இல்ல. ஃபோட்டோலயே கூலிங் கிளாஸ். நீங்க எழுதலன்னு எனக்குத் தெரியும். பட் அம்மா மான் நஹி ரஹி ஹை, ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. சுந்தரேசன் அங்கிள் சொன்னாத்தான் நம்புவேன்னு உக்காந்திருக்காங்க."

"இப்ப என்ன பண்றாங்க?"

"டிவி. பஸ், டிவி மட்டும்தான். கீழகூடப் போறதில்ல."

"கேள்வி ஏதாவது கேக்கறாங்களா? ஆகாசம் பத்தி?"

"நோ, ஆண்ட்டி."

மோதி பாக் போய்க் கதவைத் தட்டினேன். இரண்டு தடவை. உள்ளே டிவி சத்தம் கேட்டது. சத்தம் குறைந்தது. கதவு திறக்கவில்லை. மிக்ஸி, குக்கர், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் கேட்டது. படியிறங்கி வந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அறையிலேயே இருக்கிறேன். லேப்டாப்பில் வானத்தைத் திறப்பதில்லை. ஒரு தடவை திறந்தேன். விளக்கம் சொல்லும் குரல் என் வாயிலிருந்து தானாக வந்தது, ஹிந்தியில். மூடிவிட்டேன்.

செயலாளருக்கு

சுந்தரேசன் சார், கோமதி இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர். மார்க்கெட் ஓரத்துத் தமிழ்க் கடையில் தனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். என் பெயரைப் பார்த்ததும் இந்தப் பக்கத்தை அவர் புரட்டிவிடலாம். உங்கள் பெயரைப் பார்த்தால் புரட்டமாட்டார். உங்களை அவர் நம்புகிறார்.

நீங்கள் ஜோசியரை வையுங்கள், கூடத்தை நிறையுங்கள், நான் வழியில் நிற்கமாட்டேன். என்னை மறுபடி அழைக்கவும் வேண்டாம். மன்னிப்பும் எனக்கு வேண்டாம். திசையையும் இடத்தையும் குழப்பியது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம், அதை விட்டுவிடுகிறேன். எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னது தெரிந்தே சொன்னது.

ஆசிரியரிடம் பேசிவிட்டேன். உங்கள் பதிலை ஒரு எழுத்தும் வெட்டாமல் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வேண்டாம், கூடத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். இங்கே, அச்சில், உங்கள் பெயரையும் பதவியையும் போட்டு எழுதுங்கள். மூலத்தில் கருந்துளை என்று நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேனா, இல்லையா?